நுரைப் படத்தோடு நின்றுவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஓசூர் பக்கத்தில் இருக்கும் கெலவரப்பள்ளி அணையிலிருந்து நுரை பொங்கி வரும் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். கரையோர விவசாயிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். கர்நாடகப் பகுதியிலிருந்து கழிவுநீர் வருவதாகக் கடைசியில் ஒரு வரி. செய்தி அங்கேயே முடிந்துவிட்டது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் இடத்தில் நான் குடியிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

பெங்களூரு ஈஜிபுராவில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறோம். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் சாக்கடை ராஜகாலுவேயில் சேர்கிறது. மழைநீர் போவதற்கென்று இருக்கும் பெரிய கால்வாய்க்கு இங்கே அதுதான் பெயர். அது பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது. பெல்லந்தூர் நிறைந்து வர்த்தூர் ஏரி, அங்கிருந்து தட்சிண பினாகினி. ஓசூர்ப் பக்கம் வந்துவிட்டால் அதே ஆற்றை நாம் தென்பெண்ணை என்கிறோம். நான் துணி துவைத்து ஊற்றும் சோப்புத் தண்ணீரும் உங்கள் படத்தில் இருந்த நுரையில் இருக்கிறது.

2015 மே மாதம் பெல்லந்தூர் ஏரியை ஒட்டிய யெமலூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ஏரிக்கோடி ஓரமாகச் சாலையில் பஞ்சு மூட்டையைப் பிரித்துக் கொட்டியது போல நுரை பறந்துகொண்டிருந்தது. ஒரு கட்டி வந்து என் புடவைத் தலைப்பில் ஒட்டியது. கையால் தட்டிவிட்டேன். ராத்திரி வரைக்கும் கை அரித்தது. புடவையில் விழுந்த பழுப்புக் கறை எத்தனை தடவை துவைத்தும் போகவில்லை. அந்த மாதம்தான் அந்த நுரை தீப்பிடித்து எரிந்தது. ஏரி எரிகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. பல சேனல்கள் அதை ஓர் அதிசயம் மாதிரி காட்டிவிட்டு மறுநாள் வேறு செய்திக்குப் போய்விட்டன. ஒரு சில பத்திரிகையாளர்கள்தான் அங்கேயே நின்றார்கள். சுத்திகரிக்காத கழிவுநீர் எந்த வழியாக வருகிறது, சோப்புத்தூளில் இருக்கும் பாஸ்பரஸ் ஏரியில் என்ன செய்கிறது என்று இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்களைக் கேட்டுக் கேட்டு எழுதினார்கள்.

2017 பிப்ரவரியில் ஏரி மறுபடி எரிந்தபோது, யாரும் வழக்குப் போடுவதற்குக் காத்திருக்காமல், பத்திரிகைச் செய்திகளைப் பார்த்தே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக விசாரணைக்கு எடுத்தது. 2018 ஜனவரியில் இன்னொரு தீ. அதை அணைக்க ஆயிரக்கணக்கான ராணுவ வீரர்கள் இறங்க வேண்டியிருந்தது. அந்த டிசம்பரில் தீர்ப்பாயம் மாநில அரசுக்கு 50 கோடி, மாநகராட்சிக்கு 25 கோடி என்று அபராதம் விதித்தது. ஏரிகளைச் சீராக்க 500 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் போடச் சொன்னது. மேற்பார்வைக் குழுவுக்கு நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைவர். கர்நாடகச் சுரங்க ஊழல் பற்றி 2011-ல் அறிக்கை கொடுத்தாரே, அவரேதான். தூர் வாரும் வேலை அதற்கப்புறமும் கெடு மேல் கெடுவாக இழுத்துக்கொண்டு போனது உண்மை. ஆனால் ஏரிக்கென்று ஒரு தொகை, ஒரு குழு, ஒரு கெடு என்று எழுத்தில் வந்ததற்கு முதல் அடி எடுத்து வைத்தது அந்தச் செய்திகள்தான்.

நான் பிறந்தது கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலில். அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண் குவியலைச் சயனைடு மேடு என்போம்; அந்தத் தூசி காற்றில் வந்து சோற்றில் விழும், அதையும் பேசாமல் சாப்பிட்டுத்தான் வளர்ந்தோம். அந்தத் தூசியைப் பற்றி யாராவது எழுதுவார்கள், எழுதினால் எதாவது நடக்கும் என்றெல்லாம் எங்களுக்குத் தோன்றியதே இல்லை. இந்தத் தலைமுறை கோலார்க்காரர்கள் அப்படி இல்லை. பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கு அனுப்பும் கே.சி. வேலி திட்டத்தில் 2018 ஜூனில் லட்சுமிசாகர ஏரிக்குத் தண்ணீர் வந்தது. அடுத்த மாதமே அங்கேயும் நுரை! ஊர்க்காரர்கள் போனில் படம் எடுத்தார்கள், பத்திரிகைகள் அச்சில் போட்டன, உயர் நீதிமன்றம் தண்ணீரை நிறுத்தச் சொன்னது. பிறகு தடை விலகி இப்போது தண்ணீர் போகிறது. ஆனால் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு போதுமா, அதற்கும் மேலே சுத்தம் செய்யும் மூன்றாம் நிலை வேண்டாமா என்ற கேள்வி அன்றைக்கு வெளியே வந்தது, இன்றுவரை அடங்கவில்லை. பொறியாளர்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்த விஷயத்தை என் அண்ணன் டீக்கடையில் பேசுகிறார்.

எங்கள் தெருவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சாக்கடை அடைத்துக்கொண்டு வீட்டு வாசலில் கழிவுநீர் நின்றது. மூன்று முறை புகார் கொடுத்தேன். மூன்று முறையும் ஒரே நாளில் ‘தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. தண்ணீர் மட்டும் அப்படியே நின்றது. கேட்கலாம் என்றால் கவுன்சிலரே கிடையாது. 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்து, தேர்தலே இல்லாமல் ஐந்து வருஷம் ஓடியது. வாசகர் சந்தாவில் நடக்கும் ஒரு சின்னச் செய்தி நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. என் போனை வாங்கி மூன்று புகார் எண்களையும் நோட்டில் எழுதிக்கொண்டார். ஒரு மூங்கில் குச்சியைச் சாக்கடைக்குள் விட்டு, சேறு எதுவரை ஒட்டியிருக்கிறது என்று அளந்தார். முழங்கால் உயரம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு, அந்தச் சாக்கடையைத் தூர் வாரியதாக அதற்கு முன்பே பில் பாஸாகியிருந்த தாளை வாங்கினார். எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மழைக்கு மறுபடி வந்தார், மறுபடி எழுதினார். மூன்றாவது முறை எழுதிய பிறகுதான் இயந்திரம் வந்தது. தெருவில் எல்லாரும் இயந்திரத்தைப் பார்த்தார்கள், எனக்கு அந்தப் பெண்ணின் சேறு படிந்த செருப்புதான் கண்ணில் நின்றது.

மூன்றாவது முறை வருவதற்கு யார் காசு கொடுப்பது? அரசு விளம்பரத்தையும் பில்டர்களின் முழுப்பக்க விளம்பரத்தையும் நம்பி ஓடும் பத்திரிகை முதல் முறை வரும், படம் போடும். ஏரிக்கரையில் அடுக்குமாடி கட்டியவர் யார் என்று கேட்க வேண்டிய இடத்தில் நின்றுவிடும். இதே பெங்களூரில் 1980-ல் பி. லங்கேஷ் விளம்பரமே இல்லாமல், வாசகர் கொடுக்கும் காசில் மட்டும் ஒரு கன்னட வாரப் பத்திரிகை நடத்திக் காட்டினார். முதலமைச்சர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பார்கள் என்று என் கன்னட சிநேகிதி இன்றும் சொல்வாள். அவர் மகள் கௌரி லங்கேஷும் விளம்பரம் வாங்காமல்தான் தன் பத்திரிகையை நடத்தினார். 2017 செப்டம்பர் 5 அன்று வீட்டு வாசலில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பெண் வாங்கியது போல அரசிடமிருந்து தாள் வாங்குவதும் இப்போது கஷ்டமாகிறது. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவில் கை வைத்துவிட்டது. தனிநபர் தகவல் என்றாலும் பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அந்த உட்பிரிவிலேயே இருந்த வாசகம் போய்விட்டது. வேறு உட்பிரிவில் அந்த வழி இன்னும் இருக்கிறது, சரி. ஆனால் கான்ட்ராக்டர் பெயர்கூடத் தனிநபர் தகவல்தான் என்று ஓர் அதிகாரி எழுதிவிட்டால், மேல்முறையீடு மேல்முறையீடாக அலைய அந்தப் பெண்ணுக்கு எத்தனை மாதம் பிடிக்கும்?

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கன்னடப் பத்திரிகைகள் இந்த நீரை எல்லைவரை எழுதுகின்றன. தமிழ்ப் பத்திரிகைகள் எல்லையிலிருந்து எழுதுகின்றன. முழு ஆற்றையும் ஒரே கட்டுரையில் நான் படித்ததே இல்லை. பாதிப் பாதியாக எழுதினால் கோபம்தான் மிஞ்சும். 2016 செப்டம்பரில் காவிரிக்காகப் பேருந்துகள் எரிந்த அன்று, அதே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டிய டிவி முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். அணையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று ஒருவர் சொல்லமாட்டாரா என்றுதான் அன்று ஏங்கினேன்.

ஈஜிபுரா சாக்கடையிலிருந்து கெலவரப்பள்ளி மதகு வரை நடந்து எழுத ஒரு செய்தியாளரை அனுப்புங்கள். மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை. பஸ் ஸ்டாப்புக்கு நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். மூன்று புகார் எண்களும் பில்லின் நகலும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இந்தச் செலவுக்காக இதழின் விலையைக் கூட்டினாலும், எங்கள் தெருவில் இதை வாங்கும் பதினோரு வீட்டிலும் நான் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ஈஜிபுரா, பெங்களூரு