ரத்தத்தை எடை போட்டாங்கம்மா

டெவென்டர், நெதர்லாந்து
ஜனவரி 11

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடுதாசி கைக்கு வந்து இன்னையோட மூணு வாரம் ஆகுது. பார்சலுக்கு அடியில, சுக்குப் பொட்டலத்துக்கும் சேலைத் துணிக்கும் நடுவுல மடிச்சு வச்சிருந்தே. போன் பண்ணினா "பிள்ளை பால் குடிக்கா?"ன்னு மட்டும் கேட்டுட்டு அப்பா கையில குடுத்துடுறே. கோவமா இருக்கேன்னு நினைச்சிருந்தேன். அந்த ரெண்டு பக்கத்தைப் படிச்ச பிறகுதான் நீ பயந்துபோய் இருக்கேன்னு தெரிஞ்சுது. அன்னைக்கே பதில் எழுதியிருக்கணும். பிள்ளை அசந்த நேரமாப் பாத்து பேனாவை எடுப்பேன், முதல் வரியிலயே நின்னுபோகும். மன்னிச்சுக்கோம்மா.

ஆஸ்பத்திரி கிடைக்காம பிரசவம் வீட்டுலயே ஆகிப்போச்சுன்னு நினைச்சிருக்கே. தம்பி உன்கிட்ட எப்படிச் சொன்னானோ. அப்படி இல்லை. ஆறாம் மாசத்துலயே யோசிச்சு முடிவு பண்ணினது. உன்கிட்டச் சொல்லலை, அதுதான் என் தப்பு. வீட்டுல பிள்ளை பெத்து, ரத்தம் நிக்காம, ரயில்வே கேட்ல வண்டி நிக்கும்போதே பெரியம்மா போன கதை தெரிஞ்சிருந்தும் எந்த வாயால சொல்லுவேன்.

இந்த ஊர்ல உடம்பு நல்லா இருக்கிற பிள்ளைத்தாச்சியை டாக்டர் பாக்குறதில்லை. மருத்துவச்சிதான் முதல்லருந்து கடைசிவரை. நம்ம ஊர் மருத்துவச்சிப் பாட்டி மாதிரி கைப்பழக்கத்துல வந்தவங்க இல்லை; இதுக்குன்னே நாலு வருஷம் காலேஜ்ல படிச்சவங்க. பிரஷர், சர்க்கரை, பிள்ளையோட தலை எங்க இருக்கு, எதுலயாவது ஒரு சின்னக் குறை தெரிஞ்சாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க. 37 வாரம் முடியறதுக்கு முன்னால வலி வந்தா வீட்டுல பாக்கவே மாட்டாங்க. முதல் பிரசவத்துல வீட்டுல ஆரம்பிக்கிறவங்க ஏறக்குறைய பாதிப்பேர் நடுவுல ஆஸ்பத்திரிக்குப் போயிடுவாங்கன்னும் முதல் நாளே சொல்லிட்டாங்க. அநேகமா ஆபத்துன்னு இல்லை, நேரம் இழுக்குறது, வலிக்கு ஊசி கேக்குறது, இதுமாதிரி. அதை மறைக்காமச் சொன்னதாலயே எனக்கு அவங்க மேல நம்பிக்கை வந்துச்சு.

காசைப் பாத்துதான் வீட்டுல பெத்தோம்னு நினைச்சுராதே. காரணம் இல்லாம ஆஸ்பத்திரியில போய்ப் பெத்தா நம்ம கையிலருந்து ஒரு பங்கு கட்டணும், வீட்டுல பெத்தா அது கிடையாது. அது உண்மைதான். ஆனா அதுக்காக இல்லை.

37 வாரம் ஆனதும் கட்டிலை உயர்த்தச் சொன்னாங்க. நாலு காலுக்கும் கட்டை குடுத்து, மெத்தை இடுப்பு உயரத்துக்கு வரணும். பாக்க வர்றவங்களுக்கு முதுகு வலிக்கக் கூடாதுன்னு அது இங்க சட்டமாவே இருக்கு. உன் மருமகன் வாடகைக் கட்டையை சைக்கிள்லயே வச்சுத் தூக்கிட்டு வந்தார். இன்சூரன்ஸ்லருந்து ஒரு பெட்டி வந்துச்சு; பஞ்சு, துணி, தொப்புள்கொடிக்கு கிளிப், எல்லாம் அதுக்குள்ள. மாடிப்படியில ஸ்ட்ரெச்சர் இறங்குமான்னு மருத்துவச்சி அளந்து பாத்துட்டுப் போனாங்க. ஆம்புலன்ஸ் கூப்பிட்டா 45 நிமிஷத்துக்குள்ள ஆள் ஆஸ்பத்திரியில இருக்கணும்னு இங்க ஒரு கணக்கு உண்டு. எங்க வீட்டுலருந்து ஆஸ்பத்திரி பத்தே நிமிஷம். நடுவுல ரயில்வே கேட் இல்லை. உனக்காகவே அதைப் பாத்து வச்சேன்.

ஒரு ஃபாரம் குடுத்தாங்க. வீட்டுக்காரரைத் தவிர அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு ஒரு கட்டம். ரெண்டு நாள் அதை நிரப்பாம வச்சிருந்தேன். அப்புறம் பக்கத்து வீட்டு ஆச்சியோட நம்பரை எழுதினேன். அவங்களைப் பத்தி முன்னாடியே சொல்லியிருக்கேனே, வாசல்ல சைக்கிளைக் குறுக்கே விட்டா கண்ணாடியைத் தட்டிச் சத்தம் போடுறவங்க. எண்பது வயசுக்கு மேல. கேட்டதும் ஒரு வார்த்தை பேசாம உள்ள போய் ரெண்டு இரும்பு வெந்நீர்ப் புட்டியை எடுத்துட்டு வந்தாங்க. பிள்ளையோட படுக்கையைச் சூடு பண்ண. அவங்களுக்கு நாலு பிள்ளை, நாலும் அந்த வீட்டு மாடியிலதான் பிறந்துச்சாம். 1960கள்ல இந்த நாட்டுல மூணுல ரெண்டு பிள்ளை வீட்டுலதான் பிறந்திருக்கு. இப்போ நூத்துக்குப் பதினஞ்சு போல. அதனால அவங்களுக்கு இது ஒரு சேதியே இல்லை. பயப்படாத ஒரு முகத்தைப் பாக்குறது அந்த நேரத்துல எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா.

செவ்வாய்க்கிழமை விளக்கு வச்ச பிறகு இடுப்பு வலி ஆரம்பிச்சுது. இங்க கார்த்திகையில நாலரை மணிக்கே இருட்டிடும். ராத்திரி ரெண்டு மணிக்கு நாலு நிமிஷத்துக்கு ஒரு தரம்னு ஆனதும் போன் பண்ணினோம். மருத்துவச்சி வந்து பாத்துட்டு, இன்னும் நேரம் இருக்கு, வெந்நீர்ல நில்லு, நட, ஏதாவது சாப்பிடுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. எனக்கு அழுகையா வந்துச்சு. ஜன்னல் வழியாப் பாத்தா பக்கத்து வீட்டு வாசல் விளக்கு எரியுது. ஆச்சி அவங்க சைக்கிளையும் எங்க சைக்கிளையும் ஓரத்துல சாத்தி, பாதையை ஒழிச்சு வச்சிருக்காங்க. விடியிறவரைக்கும் அந்த விளக்கை அணைக்கலை.

காலையில ஆறு மணிக்கு மருத்துவச்சி திரும்ப வந்தாங்க. அதுக்கப்புறம் நகரலை. அரை மணிக்கு ஒருதரம், அப்புறம் அடிக்கடி, வயித்துல சின்னக் கருவியை வச்சுப் பிள்ளையோட துடிப்பைக் கேட்டாங்க. நிமிஷத்துக்கு 130, 140ன்னு குதிரை ஓடுற சத்தம். பதினோரு மணிக்குப் பனிக்குடம் உடைஞ்சுது. தண்ணி தெளிவா இருக்கான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாங்க. பச்சையா இருந்தா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரின்னு சொல்லியிருந்தாங்க. தெளிவா இருந்துச்சு. கட்டிலை அவ்வளவு உயர்த்தி வச்சும் எனக்கு அதுல படுக்க முடியலைம்மா, தரைக்கு இறங்கணும்போல இருந்துச்சு. அவங்க மறுக்கலை. நடுவுல வெட்டின சின்ன முக்காலி ஒண்ணு கொண்டுவந்திருந்தாங்க, லாடம் மாதிரி. அதுல உக்காந்தேன். உரலைப் பிடிச்சுக்கிட்டு குத்தவச்சுத்தான் உன்னைப் பெத்தேன்னு நம்ம வீட்டு ஆச்சி உன்கிட்டச் சொல்லுவாளே, எனக்கு உரலுக்குப் பதில் உன் மருமகனோட முழங்கால். ஆம்பிளை உள்ள இருந்தாரான்னு மதினி கேப்பா. இருந்தார். பின்னால உக்காந்து என்னைத் தாங்கிக்கிட்டே இருந்தார். இவ்வளவு தூரத்துல எனக்கு வேற யாரு.

வலியைப் பத்தி உன்கிட்ட எழுத வேண்டியதில்லை. கடைசி ஒரு மணி நேரம் என்னால ஆகாது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு தமிழ்லயே கத்தினேனாம். அவர் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கார். மருத்துவச்சி என் கையைப் பிடிச்சு பிள்ளையோட உச்சியைத் தொடவச்சாங்க. ஈரமா, முடியோட. அதுக்கப்புறம் போகணும்னு சொல்லலை. ஒண்ணு நாப்பதுக்குப் பிறந்தா. 3,120 கிராம். கொடியை உடனே வெட்டலை, துடிப்பு நிக்கிறவரை என் நெஞ்சு மேலயே கிடந்தா.

இனிமே சொல்லப்போறதுதான் நீ கேட்டது. "ரத்தம் எவ்வளவு போச்சுன்னு பாக்க யாராவது இருந்தாங்களா?" உன் கடுதாசியில அந்த வரியில மை கலங்கியிருக்கு.

இருந்தாங்கம்மா. ரெண்டு பேர் இருந்தாங்க. மருத்துவச்சிக்கு உதவி பண்ணப் பயிற்சி எடுத்த இன்னொரு அம்மாவும் வந்திருந்தாங்க. பிள்ளை வந்ததும் தொடையில ஒரு ஊசி. கர்ப்பப்பை சுருங்கி ரத்தம் கட்டுப்படுறதுக்கு. கால் மணி நேரத்துல நஞ்சுக்கொடி விழுந்துச்சு. அதை ஒரு தட்டுல விரிச்சு, ஓரம் ஓரமா விரலால தடவி, முழுசா வந்திருக்கான்னு பாத்தாங்க. ஒரு துண்டு உள்ள நின்னாலும் ரத்தம் நிக்காதுன்னு எனக்கும் காட்டிச் சொன்னாங்க. அப்புறம் நனைஞ்ச துணி, பஞ்சு எல்லாத்தையும் சேத்து தராசுல வச்சு எடை போட்டாங்க. காய்ஞ்ச துணியோட எடையைக் கழிச்சா மீதி ரத்தம். 340 மில்லி. 1000ஐத் தாண்டினாத்தான் அதிகமாப் போகுதுன்னு அர்த்தமாம். அதைப் பேப்பர்ல எழுதி நேரமும் போட்டாங்க.

அந்தத் தராசைப் பாத்ததும் எனக்குப் பெரியம்மா ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு நீ பன்னெண்டு வயசுப் பிள்ளை, அரிக்கேன் விளக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னே. பழந்துணியை மாத்தி மாத்தி வச்சாங்களே தவிர எவ்வளவுன்னு யாரும் பாக்கலை, வண்டி கேட்ல நிக்கும்போதே கை குளுந்துபோச்சுன்னு எழுதியிருக்கே. பெரியம்மாவுக்கு நஞ்சு முழுசா வந்துச்சான்னு யாராவது பாத்தாங்களாம்மா? ஒரு ஊசி, ஒரு தராசு, பத்து நிமிஷத்துல ஒரு ஆஸ்பத்திரி. அதுதான் இல்லை. வீட்டுல பெத்ததால அவ போகலை. வீட்டுல தனியா விட்டதால போனா. விளக்கைப் பிடிச்சவ நீதான்னு நாப்பது வருஷத்துக்கு மேல மனசுல வச்சுக்கிட்டு இருக்கே. உன்மேல எந்தத் தப்பும் இல்லை.

பிள்ளை பெத்த பிறகு எட்டு நாள் வீட்டுக்கு ஒரு அம்மா வந்து பாத்துப்பாங்க, இது இங்க எல்லாருக்கும் உண்டு. வழக்கமா 49 மணி நேரம். நாங்க 30 போதும்னு சொல்லிட்டோம், அதான் அவர் வீட்டுலயே இருக்காரே. தினமும் எனக்கும் பிள்ளைக்கும் காய்ச்சல் பாத்து, எத்தனை தரம் நனைச்சான்னு எழுதி, கர்ப்பப்பை இறங்குதான்னு வயித்தை அமுக்கிப் பாப்பாங்க. ஆனா ஒரு விஷயம் சொன்னா அடிக்க வருவே: கார்த்திகைக் குளிர்ல ஜன்னலைத் திறந்து வச்சாங்க. காத்து வரணுமாம்! நான் காதுல துணியைக் கட்டிக்கிட்டுப் படுத்தேன். சாப்பாடும் பத்தியம்னு எதுவும் இல்லை. காய்ஞ்ச ரொட்டித்துண்டு மேல வெண்ணெய் தடவி, சர்க்கரை பூசின சோம்பைத் தூவித் தருவாங்க. பொம்பளைப் பிள்ளைன்னா ரோஸ் கலர். பிள்ளை பாக்க வர்றவங்களுக்கும் அதுதான். சோம்பு பால் ஊறுறதுக்கு நல்லதுன்னு அவங்க சொன்னப்போ, இதையே என் அம்மாவும் சொல்லுவான்னு சொன்னேன். சிரிச்சாங்க. அவர் பூண்டுக் குழம்பு வச்சார். நல்லாத்தான் வச்சார்.

இன்னொண்ணு. இங்க மூணு நாளைக்குள்ள நகராட்சியில பிள்ளையைப் பதியணும், பேரோட. நீ நாள் பாத்துச் சொல்றவரைக்கும் பொறுக்க வழியில்லை. பெரியம்மா பேரை வச்சிருக்கேன். போன்ல ஒவ்வொரு தரமும் "பாப்பா, பாப்பா"ன்னே பேசிக்கிட்டு இருக்கிறது அதனாலதான். அந்தப் பேரு வேண்டாம்னு நீ சொல்லுவேன்னு பயம். ஆனா அந்த முக்காலியில உக்காந்திருக்கும்போதே முடிவு பண்ணிட்டேன். நீ அந்தப் பேரைச் சொல்லி ஒருதரம் கூப்பிடணும்.

எட்டு நாள் முடிஞ்சு அந்த அம்மா போயிட்டாங்க. அவர் கட்டிலுக்கு அடியில இருந்த கட்டையை எடுத்துத் திருப்பிக் குடுக்கப் போனார். வீடு அப்படியே அடங்கிப்போச்சு. தரையில பாயை விரிச்சு, பிள்ளையைப் பக்கத்துல போட்டுப் படுத்தேன். பேறுகாலத்துக்கு வந்த மதினி உன் பக்கத்துல அப்படித்தானே படுத்திருப்பா, நீ ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து பாப்பே. பாய்ல குளிர் ஏறுச்சு. நீ ஊத்துற வெந்நீர், முதுகுல உன் உள்ளங்கை, அது இல்லாம பிள்ளை பெத்த உடம்பு இன்னும் என் உடம்பா ஆகலைம்மா. அவர் வர்றதுக்குள்ள எழுந்து முகத்தைக் கழுவிட்டேன்.

சரி, வீட்டு விஷயம். உனக்கு விசா 90 நாளைக்குத்தான் குடுப்பாங்க, இந்தக் குளிர்ல வந்தா உன் முழங்காலுக்கு ஆகாது. வெயில் வரட்டும், பாத்துக்கலாம். நாங்களும் பங்குனிக்கு வர்றது சந்தேகம், பிள்ளை இவ்வளவு சின்னதா இருக்கும்போது பிளேன்ல கூட்டிட்டு வர வேண்டாம்னு பாக்குறோம். அவருக்கு வேலையில ஒண்ணு முடிஞ்சு அடுத்தது தொடங்கணும், அதுவரைக்கும் வீட்டுல எனக்கு நல்ல துணை.

அப்பா கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீங்க. திருநெல்வேலி அரவிந்துக்கு தை முடியறதுக்குள்ள கூட்டிட்டுப் போ, தம்பி ஒருநாள் லீவு போடட்டும். அவன் பரீட்சை ஃபீஸுக்கு இந்த மாசம் பாதி அனுப்புறேன், மீதியை மாசியில. தெக்குப் புஞ்சையைக் குத்தகைக்கு விடுறதுன்னா மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு விடு. போன தடவை மோட்டார் ரிப்பேர் யாரு பாக்குறதுன்னு பேசாம விட்டதாலதான் அவ்வளவு சண்டை. பிள்ளைக்கு அரைஞாண் செய்யறேன்னு உன் சங்கிலியை அழிக்காதே. கழுத்துலயே கிடக்கட்டும்.

மருந்து இடிக்கிற அளவைத் தனியா ஒரு தாள்ல எழுதி அனுப்பு, திப்பிலி எவ்வளவுன்னு எனக்கு மறந்துபோச்சு. பக்கத்து வீட்டு ஆச்சிக்குக் கொஞ்சம் கருப்பட்டி வேணும், ஒரு துண்டு குடுத்தேன், மறுநாள் வந்து கைய நீட்டுறாங்க. நீ அனுப்பின சேலைத் துணி தூளிக்குச் சரியா இருக்கு. இன்னும் ரெண்டு இருந்தா அனுப்பு. பழசாவே பாத்து அனுப்பு, துவைக்காம.

உன் மகள்