பூக்கார அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மார்கழியில் சென்னை மாரத்தானில் 10 கிலோமீட்டர் ஓடி முடித்தேன். ஓடி என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி நேப்பியர் பாலத்திலிருந்து தரமணி வரை வந்து சேர்ந்தேன். ஒரு மணி 33 நிமிடம். எனக்கு 48 வயது. போன ஆடி வரைக்கும் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவள். நான் தரமணி போய்ச் சேர்ந்ததில் பாதிக்கு மேல் மற்றவர்களின் கைங்கரியம். அதனால்தான் இந்த மடல்.

முதலில் பட்டினப்பாக்கத்துப் பூக்கார அக்கா. அவர் இதைப் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் முதல் நன்றி அவருக்குத்தான்.

பந்தயத்தன்று புதிதாக எதையும் போடாதே, தின்னாதே என்பது ஓடுகிறவர்களின் பாலபாடம். ஐந்து மாதம் அதைக் கேட்டுவிட்டு, மகன் மூன்று வருடம் முன்பு வாங்கித் தந்த ஷூவை அன்றைக்கு அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு போனேன். பரணில் சும்மா கிடந்தால் ஷூவின் பசை காய்ந்து செத்துப்போகும் என்று எனக்கு யார் சொன்னது? கலங்கரை விளக்கம் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. சாந்தோம் தாண்டியதும் வலது காலில் சப் சப் என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் அடிப்பாகம் முன்னால் வாய் பிளந்து தொங்குகிறது.

ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். அழுகையே வந்துவிட்டது. எதிரே நடைபாதையில் ஒரு அக்கா கூடையைப் பிரித்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, பிஞ்சிடுச்சா? காலை இப்படி நீட்டு" என்றார். தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த வாழைநாரில் ஏழெட்டு இழையை உருவி, முறுக்கி, பாதத்துக்கு அடியில் கொடுத்து மேலே இரண்டு சுற்று இழுத்து முடிச்சுப் போட்டார். பூத் தொடுக்கிற அதே வேகம்தான். அதற்கு மேல் பூ நூலால் ஒரு சுற்று. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. "பார்த்துப் போ, ஈரம் காயக் காய இறுகும்" என்றார். அப்படியேதான் ஆனது. திரு.வி.க. பாலத்து ஏற்றத்தில் ஒருமுறை மட்டும் நழுவியது. பக்கத்தில் ஓடிவந்த கல்லூரிப் பையன் ஒருவன் தன் நேரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் மண்டிபோட்டு உட்கார்ந்து இறுக்கிக் கட்டிவிட்டான். தம்பி, உன் முதுகில் இருந்த பெயரைப் படிக்கத் தவறிவிட்டேன். மன்னித்துவிடு.

அடுத்து, திருவான்மியூர் கடற்கரை ஓட்டக் குழுவின் சார். செப்டம்பரில் கெண்டைக்காலுக்கு முன்பக்க எலும்பில் வலி வந்து, நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். "எட்டு வைக்கிறதைச் சின்னதாக்குங்க, குதிகாலை உயர்த்தி இறக்குங்க, ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் தூரத்தை ஒரேயடியாக ஏத்தாதீங்க" என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிட்டார். மூன்று வாரத்தில் வலி போனது. ஷூ விஷயத்தை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார். சாரி சார்.

வீட்டுக்காரர் மூன்றேகாலுக்கு எழுந்து சுக்குக் காப்பி போட்டு, ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். சாலையை அடைத்துவிட்டதால் கடைசிக் கொஞ்ச தூரம் அவரும் கூடவே நடந்தார். மாமியார், "இந்த வயசுல இது எதுக்கு" என்று தினமும் சொல்லிக்கொண்டே தினமும் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி வைத்தார். இரண்டையும் ஒருநாள்கூட விட்டதில்லை.

தண்ணீர் மேசைகளில் நின்ற பிள்ளைகளுக்கும் நன்றி. மார்பில் ஒட்டியிருந்த அட்டையில் பெயரைப் பார்த்து "ஆன்ட்டி, சூப்பர் ஆன்ட்டி" என்று கத்தினீர்கள். அந்த ஆன்ட்டியைப் பொறுத்துக்கொண்டேன். ஆரஞ்சுச் சுளையில் உப்பைத் தொட்டுக் கொடுத்தது யாருடைய யோசனையோ, அவருக்குத் தனியாக.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நாங்கள் குடித்துவிட்டு வீசிய காகிதக் கப்புகளை ஓட்டம் முடிவதற்குள்ளேயே தூய்மைப் பணியாளர்கள் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நானும் இரண்டு வீசினேன், தொட்டி பத்தடியில் இருந்தும். மெடல் எங்களுக்கு மட்டும் என்பது எனக்கு உறுத்துகிறது. மத்திய கைலாஷ் அருகே அடைப்பில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தவரே, உங்கள் கோபமும் நியாயம்தான். அரைமணி நேரம் உங்கள் சாலையைக் கடன் வாங்கியிருந்தோம்.

அடுத்த வாரம் பட்டினப்பாக்கம் போனேன். அதே இடம், அதே கூடை. "ஜெயிச்சியா?" என்றார் அக்கா. இல்லையக்கா, எனக்கு முன்னால் ஆயிரக்கணக்கான பேர் போய்விட்டார்கள் என்றேன். பணம் நீட்டியதற்கு முறைத்தார். "நாருக்கு எதுக்குக் காசு? பூ வாங்கிக்கோ." மூன்று முழம் மல்லி வாங்கினேன். மார்கழி விலைதான் சொன்னார், ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

அன்புடன்,
வாழைநார் கட்டி ஓடிய திருவான்மியூர்க்காரி