கம்பத்து மாப்ளைக்கு ஒரு கடிதம்

குமுளி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதமும், தங்கச்சி கொடுத்துவிட்ட பன்னீர் திராட்சையும் வந்து சேர்ந்தன. திராட்சை அன்றைக்கே தீர்ந்துவிட்டது, கடிதத்துக்குப் பதில் எழுதத்தான் இவ்வளவு நாள் ஆகிவிட்டது. இங்கே ஏலக்காய் எடுப்பு மும்முரம். விடிகாலையில் உங்கள் பக்கத்திலிருந்து ஜீப் ஜீப்பாக ஆட்கள் தோட்டத்துக்கு ஏறி வருகிறார்கள். புத்தடி ஏலத்தில் விலை இன்றைக்கு ஏறினால் நாளைக்கு இறங்குகிறது. அம்மா உன்னை விசாரித்தாள். மூத்தவள் தொடுபுழாவில் காலேஜ் சேர்ந்துவிட்டாள், வீட்டில் சண்டை போட ஆளில்லாமல் சின்னவன் திண்டாடுகிறான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டூடியோ முன்னறையில் பில் போடும் கம்ப்யூட்டருக்கு ஒன்று, உள்ளே எடிட்டிங் மெஷினுக்கு ஒன்று என்று, ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் விலை குறைந்த எஸ்.எஸ்.டி. ரெண்டு வாங்கலாமா, சீக்கிரம் தேய்ந்து போய்விடுமா என்று எழுதியிருந்தாய். முன்னறைக்கு வாங்கு. உள்ளறைக்கு வேண்டாம். ஆனால் காரணம் தேய்மானம் இல்லை.

தேய்மானக் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். கிங்ஸ்டன் ஏ400 என்று ஒன்று இருக்கிறது, மலிவு வகைதான். அதில் 240 ஜிபி டிரைவுக்குக் கம்பெனி சொல்லும் எழுத்து அளவு, அதாவது ஆயுள் முழுக்க அதில் எழுதலாம் என்கிற மொத்தம், 80 டிபி (80,000 ஜிபி). ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதினாலும் 4,000 நாள் வரும், அதாவது பத்து வருஷத்துக்கு மேல். உன் முன்னறைக் கம்ப்யூட்டர் பில்லும் வாட்ஸ்அப்பும் தவிர என்ன எழுதுகிறது? என் கமிஷன் கடையில் டாலி என்ற கணக்கு மென்பொருள் ஓடும் கம்ப்யூட்டர் ஒரு நாளைக்கு ஒரு ஜிபி எழுதினாலே அதிகம். வாரண்டி முடிந்து, கம்ப்யூட்டரே பழசாகி, நமக்கே தலை நரைத்தாலும் அந்தக் கணக்கு தீராது. எனக்குப் பாதி நரைத்தாயிற்று என்பது வேறு விஷயம்.

வேகத்திலும் அப்படித்தான். பழைய ஹார்டு டிஸ்க்கில் சுழலும் தட்டின் மேல் ஒரு முள் ஓடிப்போய் இடம் தேட வேண்டும், ஒவ்வொரு தேடலுக்கும் பத்து மில்லி செகண்டுக்கு மேல் போய்விடும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பொருளே கிடையாது. விண்டோஸ் ஏறும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடுவதால் அங்கேதான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஹார்டு டிஸ்க்குக்கும் மலிவு எஸ்.எஸ்.டி.க்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. மலிவுக்கும் உசத்திக்கும் உள்ள தூரம் பில் போடுகிறவனுக்குக் கண்ணிலேயே படாது. அதிலும் பழைய மெஷினில் இருப்பது சாட்டா இணைப்பு. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது செகண்டுக்குச் சுமார் 550 எம்பிக்கு மேல் விடாது.

இப்போது உள்ளறைக்கு வா. எஸ்.எஸ்.டி. தகவலை வைக்கும் சின்ன அறைக்குச் செல் என்று பெயர். ஒரு செல்லுக்குள் 3 பிட் வைத்தால் டிஎல்சி, 4 பிட் வைத்தால் க்யூஎல்சி. மலிவில் பல இந்த இரண்டாவது வகை. 4 பிட் வைக்க வேண்டுமென்றால் ஒரே செல்லில் 16 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும், அதனால் எழுத நேரம் பிடிக்கும். அந்த மந்தம் வெளியே தெரியாமல் இருக்க, டிரைவ் தன்னில் ஒரு பகுதியைச் செல்லுக்கு ஒரு பிட் என்ற கணக்கில் மளமளவென்று எழுதிக்கொள்ளும், பிறகு சும்மா இருக்கும்போது உள்ளே அடுக்கும். எங்கள் ஸ்டோர் திண்ணை மாதிரிதான். வந்த மூட்டையை முதலில் திண்ணையில் இறக்குவோம், ஓய்ந்த நேரத்தில் உள்ளே ஏற்றுவோம். திண்ணை நிறைந்துவிட்டால் அடுத்த வண்டி ரோட்டிலேயே நிற்கும். அட்டைப்பெட்டியில் போடுகிற வேகம் திண்ணை காலியாக இருக்கும்போது உள்ள வேகம். ஒரே மூச்சில் ஒரு கல்யாணத்தின் 200 ஜிபியை நீ ஏற்றினால், பாதியிலேயே அந்தத் திண்ணைப் பகுதி நிறைந்து, சில க்யூஎல்சி டிரைவ்கள் ஹார்டு டிஸ்க்கைவிடக் கீழே போய்விடும். உனக்கு ஒரு முகூர்த்த நாளில் மூன்று கல்யாணம் இருக்கும், நீ காப்பி எவ்வளவு ஆனது என்று திரையில் நகரும் கோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று ட்ராம். எந்த ஃபைல் எந்தச் செல்லில் இருக்கிறது என்ற பட்டியலை வைத்துக்கொள்ள நல்ல டிரைவில் தனியாக ஒரு மெமரி சிப் இருக்கும், மலிவில் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். என்விஎம்இ என்ற புது இணைப்பு வகை டிரைவ் கம்ப்யூட்டரின் மெமரியில் கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளித்துக்கொள்ளும். சாட்டாவுக்கு அந்த வழியும் இல்லை. முன்னறைக்கு இது பெரிய குறையில்லை. நீயோ டிரைவை நிரம்ப நிரம்ப வைத்துக்கொண்டு எடிட் பண்ணுகிறவன், உனக்குத் தெரியும்.

பயப்பட வேண்டியது எதற்கென்றால், சொல்லாமல் சாவதற்கு. ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் கடகடவென்று சத்தம் போட்டு, இழுத்து, ரெண்டு நாள் தவணை கொடுத்துவிட்டுத்தான் போகும். எஸ்.எஸ்.டி.யில் அதை நடத்தும் கண்ட்ரோலர் சிப் போனால் காலையில் டிரைவே இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லும். அதிலிருந்து போட்டோவை மீட்பதும் ஹார்டு டிஸ்க்கைவிடக் கஷ்டம், மீட்டாலும் நாலு டிரைவ் விலை கேட்பார்கள். இங்கே ஐப்பசி இடியில் கரண்ட் போய்ப் போய் வருவது உனக்குத் தெரிந்ததே. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எந்த ஃபைல் எங்கே என்ற அந்தப் பட்டியல் குழம்பிவிட வாய்ப்பு உண்டு. அந்த நொடிக்கு மின்சாரத்தைச் சேமித்துக் கொடுக்கும் கெபாசிட்டர்களை சர்வர் வகை டிரைவில்தான் நம்பி எதிர்பார்க்கலாம். ஆகையால் யுபிஎஸ் இல்லாமல் எதையும் மாட்டாதே. டிரைவ் வாங்கக் காசு எடுத்து வைத்திருக்கிறாய் என்றால் முதலில் யுபிஎஸ் பேட்டரியை மாற்று என்பேன்.

பழைய கல்யாணங்களை எஸ்.எஸ்.டி.யில் போட்டு அலமாரியில் பூட்டி வைக்கும் யோசனையும் வேண்டவே வேண்டாம். மெமரி சிப்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவுப்படி, எழுத்து அளவு முழுவதும் தீர்ந்த ஒரு சாதாரண எஸ்.எஸ்.டி., மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருஷம் தகவலை வைத்திருந்தால் போதும். புதிய டிரைவ் அதைவிட நெடுநாள் தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் அஞ்சு வருஷம் கழித்து மாப்பிள்ளை வீட்டார் ஆல்பம் கேட்டு வருவது உன் தொழிலில் சகஜம். அதற்கு ரெண்டு ஹார்டு டிஸ்க், ஒன்று ஸ்டூடியோவில், ஒன்று வீட்டில்.

எந்த மலிவு என்று கேட்பாய். மெமரி தயாரிப்பவர்களோ, காலகாலமாக மெமரி விற்பவர்களோ போடுகிற கீழ்வகை வேறு, பெயரே கேள்விப்படாத ஸ்டிக்கர் ஒட்டிய டிரைவ் வேறு. பெயருள்ளவர்களும் சும்மா இல்லை. குரூஷியல் பி2 டிஎல்சியோடு வந்து, 2021இல் அதே பெயரில் க்யூஎல்சியாக மாறியது. கிங்ஸ்டன் வி300இலும் 2014 வாக்கில் உள்ளே மெமரியை மாற்றி வேகம் குறைந்ததாகப் பெரிய கலாட்டா. அதனால் பழைய ரிவ்யூவைப் படித்துவிட்டு இன்றைக்கு வாங்காதே. ஆனாலும் பில்லும் மூணு வருஷ வாரண்டியும் இருந்தால் போய்ச் சண்டையாவது போடலாம். ஆயிரம் ரூபாய்க்கு 2 டிபி என்று கூவுகிற கையடக்க டிரைவ் இருக்கிறதே, அதைத் திறந்தால் ஒரு மெமரி கார்டு இருக்கும். கம்ப்யூட்டரிடம் 2 டிபி என்று பொய் சொல்லும். உண்மையான அளவு நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதும், ஃபைல் பெயர் மட்டும் அப்படியே நிற்கும். எதை வாங்கினாலும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் கடைசி வரை நிரப்பிப் பார்த்துவிட்டு, பிறகு மாட்டு.

முன்னறை மெஷின் எத்தனை வருஷப் பழசு என்று நீ எழுதவில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. உள்ளே இருக்கும் ப்ராஸஸர் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியது என்றால் விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் முறைப்படி ஏற்றவிடாது. அப்போதும் மலிவு எஸ்.எஸ்.டி. வீணில்லை, லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம், நாளைக்கு வேறு மெஷினுக்கும் மாற்றலாம். ஆனால் அந்த மெஷினுக்கு மெமரி, பேட்டரி, கீபோர்டு என்று மேலும் மேலும் இறைக்காதே. உள்ளறைக்கு ட்ராம் உள்ள டிஎல்சி டிரைவாக, 1 டிபிக்குக் குறையாமல், தை முகூர்த்தத்துக்குக் காசு வந்ததும் வாங்கு. அதுவரை இருக்கிற ஹார்டு டிஸ்க்கே ஓடட்டும்.

தீபாவளிக்கு மறுநாள் நான் கம்பம் வருகிறேன். முன்னறை டிரைவை அதற்குள் வாங்கி வை, பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே அதற்கு நானே குளோன் பண்ணிக் கொடுக்கிறேன். பழைய டிஸ்க்கை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே, அதை பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். மெஷினைத் திறக்கச் சின்ன ஸ்க்ரூ டிரைவர் உன்னிடம் இருக்கிறதா என்று மட்டும் ஒரு வரி போடு, இல்லையென்றால் கடையிலிருந்து எடுத்து வருகிறேன்.

உன் பழைய பெஞ்சுக்காரன்