இருக்கையை விட்டு இறங்கிய தம்பிக்கும், என்னைக் கரை சேர்த்த அனைவருக்கும்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், இலங்கை மலையகத்தின் அட்டன் வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் என் மக்களுக்கும், பெயர் தெரியாத ஒரு தம்பிக்கும் நன்றியோடு எழுதுவது.

கொரோனா தனிமைப்படுத்தல் முடிந்து வீடு வந்து இன்றோடு இரண்டு நாள் ஆகிறது. அம்மாவின் கட்டிலருகே அமர்ந்துதான் இதை எழுதுகிறேன். அவர்களுடைய நிலைமையும், ஆறு ஆண்டு ஊழியத்தை ஒரே இரவில் விட்டுவிட்டு நான் ஓடி வர நேர்ந்த காரணமும் உங்களுக்குத் தெரிந்ததே என்பதால் அவற்றைத் திரும்பச் சொல்லவில்லை. அம்மா கண் திறந்து, "வந்துட்டியாய்யா" என்று கேட்டார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

கொழும்பில் என் பெயரைப் பயணப் பட்டியலில் பதிவு செய்து, பதில் வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்த நண்பர்களுக்கும், ஊரடங்கு அனுமதிக்காகக் காவல் நிலையத்துக்கு மூன்று முறை நடந்த சபை மூப்பருக்கும், ஜூன் 1-ஆம் தேதி எங்கள் 685 பேரையும் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பலில் ஏற்றி, கைக்குழந்தைக்காரர்களை முதலில் கவனித்து, மறுநாள் தூத்துக்குடியில் பத்திரமாக இறக்கிய கடற்படையினருக்கும், தனிமைப்படுத்தல் மையத்தில் எங்கள் அறைகளை நாள்தோறும் கழுவிவிட்ட தூய்மைப் பணியாளர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனி மடல் எழுத வேண்டும், எழுதுவேன்.

ஆனால் முகவரி இல்லாததால் தனி மடல் எழுத முடியாத ஒருவர் இருக்கிறார்.

மே 31, பெந்தெகொஸ்தே ஞாயிறு. ஆராதனை இல்லை. தோட்டத் தொழிலாளர் தலைவரும் அமைச்சருமாயிருந்த ஆறுமுகன் தொண்டமானின் உடலை அன்றுதான் நோர்வூட்டில் தகனம் செய்தார்கள்; மலையகம் முழுவதும் துக்கத்தில் இருந்தது. எனக்குப் பேசி வைத்திருந்த வண்டி வரவில்லை. நள்ளிரவு தாண்டி, மழையில், கொழும்புக்கு மரக்கறி (காய்கறி) ஏற்றிச் செல்லும் லாரி ஒன்றை மூப்பர் நிறுத்தினார். ஓட்டுநர் இரக்கமுள்ளவர்தான், ஆனாலும் முன்னால் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தயங்கினார். அவர் பேசி முடிப்பதற்குள் பக்கத்தில் இருந்த உதவியாள் பையன் கதவைத் திறந்து கீழே குதித்துவிட்டான். பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். முகக்கவசத்துக்கு மேலே நெற்றியில் விபூதி மழையில் கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

"நீங்க ஏறுங்க ஐயா. எனக்கு நாளைக்கும் லொறி வரும். கப்பல் வராது" என்றான்.

கொழும்பில் மூட்டை இறக்கினால்தான் அவனுக்குக் கூலி. நான் நீட்டிய பணத்தை அவன் தொடவில்லை. என் பக்கத்துக் கண்ணாடி மேலே ஏறாமல் சாரல் அடிப்பதைப் பார்த்து, தன் தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்து மடித்து ஜன்னல் இடுக்கில் செருகினான். பிறகு கையால் இரண்டு முறை அழுத்தியும் பார்த்தான். லாரி புறப்பட்டபோது அவன் வெறுந்தலையோடு, வந்த வழியே நடக்கத் தொடங்கியிருந்தான். கித்துள்கல தாண்டும்வரை அந்தச் சாக்கின் கேரட் மண் வாசனை என் முகத்தருகே இருந்தது.

1854-இல் தோட்டத் தமிழருக்கான மிஷன் தொடங்கியபோது திருநெல்வேலியிலிருந்துதான் உபதேசிமார் கண்டிச் சீமைக்குப் போனார்கள். அந்த வரிசையில் நானும் ஒருவன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. கொடுக்கப் போனவர்கள் என்றே எங்களைப் பற்றி நாங்கள் நினைத்து வந்திருக்கிறோம். நாளுக்கு ஆயிரம் ரூபாய் சம்பளம் கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடும் மக்களைப் பற்றி எத்தனையோ அறிக்கைகள் எழுதி அனுப்பியிருக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளை ஒருவனின் ஒரு நாள் கூலியில் ஏறி அமர்ந்துதான் நான் என் தாயிடம் வந்து சேர்ந்தேன்.

வீடு வீடாகப் போய்ப் பெயரெழுதி, அந்த ஏட்டை வைத்து ஜெபிக்கிற நான், அன்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்து அவன் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். இது என் நெஞ்சை அறுக்கிறது. அன்றைக்கு மட்டும் கூலிக்கு வந்த பையன், எந்தத் தோட்டம் என்று தெரியாது என ஓட்டுநர் பின்னர் தொலைபேசியில் சொன்னார். பயணத்துக்கு வழி திறந்து நான் திரும்பி வரும்போது, மேசை முன் நின்று பிரசங்கம் செய்வதற்கு முன்னால், மரக்கறி ஏற்றும் இடங்களில் நின்று அவனைத் தேடுவேன். இது நான் கர்த்தருக்குச் செய்திருக்கும் பொருத்தனை.

அதற்குள் உங்களில் யாருக்காவது அவனைத் தெரிந்தால், அம்மா பேசுகிறார்கள் என்று அவனிடம் சொல்லுங்கள். அவன் பெயரை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அம்மாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

உங்கள் ஊழியன்,
திருநெல்வேலி, ஜூன் 2020