சின்னக் கார் வடிவமைப்பவர்களுக்கு ஒரு டிரைவரின் திறந்த மடல்

சென்னையிலும் புனேயிலும் குருகிராமிலும் உட்கார்ந்து, நடுத்தரக் குடும்பங்கள் வாங்கப்போகும் கார்களை வடிவமைத்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

என் அக்கா மகன் உங்களில் ஒருவன். போன மாதம் வீட்டுக்கு வந்தவன், வருங்காலக் கார் எப்படி இருக்க வேண்டும் என்று காற்றிலேயே கையால் வரைந்து காட்டினான். "டேஷ்போர்டுல ஒரு பட்டன்கூட இருக்கக் கூடாது மாமா. எல்லாம் ஸ்கிரீன்தான். நீங்க ஓட்டுற எஸ் கிளாஸ் மாதிரி இருக்கணும்" என்றான். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. சரிப்பா என்று காபியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்று அவனிடம் சொல்லாமல் விட்டதை உங்கள் எல்லோருக்குமாக இப்போது எழுதுகிறேன்.

நான் 26 வருடமாகக் கார் ஓட்டிப் பிழைப்பவன். கடைசி ஒன்பது வருடமாக ஓட்டுவது மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ். டபிள்யூ 222 என்பார்கள், 2013-இல் அறிமுகமான தலைமுறை. ராத்திரி அதன் சாவியை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டு, என்னுடைய பழைய சின்னக் காரில் ஏறி வீட்டுக்குப் போகிறேன். ஒரே நாளில் இரண்டிலும் உட்காருகிறவன் என்பதால், அந்தப் பெரிய காரில் எது உண்மையான சுகம், எது வெறும் பகட்டு என்பது எனக்கு உடம்பால் தெரியும்.

முதலில் அதன் நல்லதைச் சொல்கிறேன். எங்கள் ஐயாவுக்கு வயது 74. முதுகில் ஆபரேஷன் ஆனவர். சென்னையிலிருந்து மதுரைக்கு ஏழெட்டு மணி நேரம் பின்சீட்டில் உட்கார்ந்து வந்து, இறங்கியதும் நேராக நடந்து போவார். அந்த சீட்டின் அருமை அது. அப்புறம் அதன் அமைதி. கண்ணாடியை ஏற்றிவிட்டால் ஜி.எஸ்.டி. சாலையின் ஏர் ஹார்ன்கள் எங்கேயோ அடுத்த தெருவில் அடிப்பதுபோலக் கேட்கும். இதற்காக அவர்கள் வெகுகாலமாக மெனக்கெட்டிருக்கிறார்கள். 1991-இல் வந்த டபிள்யூ 140 தலைமுறையிலேயே பக்கக் கண்ணாடிகளை இரட்டை அடுக்காகப் போட்டார்கள். சத்தம் குறைந்தால் டிரைவருக்கும் களைப்பு குறைகிறது. ராத்திரிப் பயணத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

ஆனால் நான் இந்தக் காரை நேசிப்பதற்கு சீட்டும் அமைதியும் காரணமில்லை. மேல்மருவத்தூர் தாண்டி ஒரு நாள் ராத்திரி, என் வழியிலேயே எதிர்த்திசையில் விளக்கில்லாமல் ஒரு டிராக்டர் வந்தது. பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தேன். பெடலில் டகடகவென்று ஓர் அதிர்வு. மிதித்த காலை எடுக்காமலேயே ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். இரண்டு டன் எடையுள்ள வண்டி, சொன்ன பேச்சைக் கேட்கும் குழந்தை மாதிரி திரும்பி, டிராக்டரை உரசாமல் ஓரத்தில் நின்றது. பின்னால் ஐயாவும் அம்மாவும் விழித்துக்கொண்டு "என்னப்பா?" என்றார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை.

அந்த அதிர்வுதான் ஏபிஎஸ். சக்கரம் இறுகிப் பூட்டிக்கொண்டு வழுக்காதபடி, ஒரு நொடிக்குள் பலமுறை பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறது. சக்கரம் உருண்டுகொண்டே இருப்பதால் வண்டியைத் திருப்பவும் முடிகிறது. பாஷ் நிறுவனத்தோடு சேர்ந்து 1978-இல் இதே எஸ் கிளாஸில்தான் இதைக் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம் என்று ஆனது 2019 ஏப்ரலில். நடுவில் 41 வருடம்! டிரைவருக்கான ஏர்பேக் 1981-இல் எஸ் கிளாஸுக்கு வந்தது. நம் ஊரில் அது கட்டாயமானதும் 2019-இல்தான். 2014-இல், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு, நம் ஊரில் நன்றாக விற்றுக்கொண்டிருந்த ஐந்து சின்னக் கார்களை மோதிப் பார்த்தபோது ஐந்துக்கும் பூஜ்யம் நட்சத்திரம். அதற்குப் பிறகுதான் நம் கம்பெனிகளில் பலவும் விழித்துக்கொண்டன. இப்போது ஐந்து நட்சத்திரம் வாங்கும் கார்களையும் நீங்களே செய்து காட்டுகிறீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி.

பெரிய காரின் நல்ல விஷயம் சின்னக் காருக்கு வர 40 வருடம் ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வண்டி வழுக்கித் தடுமாறும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிரேக் பிடித்து நேராக்கும் ஈஎஸ்பி, 1995-இல் எஸ் கிளாஸின் இரண்டு கதவு மாடலில் அறிமுகமானது. இரண்டு வருடம் கழித்து அதே கம்பெனி ஏ கிளாஸ் என்று தன் சின்னக் காரை விட்டது. குறுக்கே விலங்கு வந்தால் எப்படி ஒடித்துத் தப்பிக்கிறது என்று ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்று சோதித்தபோது அந்தக் கார் கவிழ்ந்துவிட்டது. கம்பெனி விற்பனையையே நிறுத்தி வைத்து, எல்லா ஏ கிளாஸிலும் ஈஎஸ்பியைப் போட்டுத்தான் திரும்ப விற்றது. அவமானம் வந்த பிறகு, கோடீஸ்வரர்களின் காரில் இருந்தது சில மாதங்களில் சின்னக் காருக்கு வந்துவிட்டது. வோல்வோ நிறுவனம் இதைவிட மேல். 1959-இல் அவர்களுடைய பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கிய மும்முனை சீட் பெல்ட்டின் காப்புரிமையை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தத் திறந்து விட்டார்கள்.

பெல்ட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தார். அவர் வந்தது ஜெர்மன் சொகுசுக் காரில். முன்னால் இருந்த இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள். பின்னால் இருந்த இருவரும் பெல்ட் போடவில்லை, இருவருமே இறந்துவிட்டார்கள். அது நடந்து இரண்டு மூன்று நாள் கழித்து ஐயா காரில் ஏறினார். அதுவரை ஒரு நாளும் அவர் பின்னால் பெல்ட் போட்டதில்லை. அன்று எதுவும் பேசாமல் இழுத்து மாட்டினார். அந்த 'கிளிக்' சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே 2022-இல் நாடு முழுக்க பெல்ட் போடாததால் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் 8,331 பேர் டிரைவர்கள் இல்லை, கூட வந்தவர்கள்.

பின்சீட்டில் இருப்பவர் பெல்ட் போட வேண்டும் என்பதற்காக எஸ் கிளாஸில் ஒரு வேலை செய்திருக்கிறார்கள் பாருங்கள். டபிள்யூ 222-இல் வந்த வசதி இது. பின்கதவைத் திறந்ததும் பெல்ட் செருகும் பூட்டு மேலே எழுந்து வரும், அதில் ஒரு சின்ன விளக்கு எரியும். வயதானவர் இருட்டில் சீட் இடுக்கில் கைவிட்டுத் தேட வேண்டாம். என் சின்னக் காரில் பின்சீட்டுப் பூட்டு மெத்தைக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. என் அம்மா அதைத் தேடிப் பார்த்துவிட்டு "விடுப்பா, கிட்டதானே போறோம்" என்று விட்டுவிடுவார். பூட்டு தானாக எழும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது புதையாமல் நிமிர்ந்து நிற்கக் கெட்டியான ஒரு பிடி போதும். மோதும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற அமைப்பைப் பின்சீட்டுக்கும் கொடுங்கள். எங்கள் வீடுகளில் அம்மாவும் பிள்ளைகளும் உட்காருவது அங்கேதான்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். எஸ் கிளாஸுக்கும் குறை உண்டு, அவற்றில் சில விலையோடும் அளவோடும் ஒட்டிப் பிறந்தவை. டபிள்யூ 222-இன் நீள மாடல் ஐந்தேகால் மீட்டர். மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் அதைத் திருப்பும்போது என் சட்டை நனைந்துவிடும். ஜெர்மனிக்காரர்களே இதில் சிரமப்பட்டிருக்கிறார்கள். அந்த டபிள்யூ 140 வந்தபோது, வட ஜெர்மனியில் இருக்கும் சில்ட் தீவுக்குக் கார்களை ஏற்றிச் செல்லும் ரயிலுக்கே அதன் அகலம் கூடிப்போயிற்று. 2020-இல் வந்த டபிள்யூ 223-இல் பின்சக்கரங்களும் 10 பாகை வரை திரும்பும்படி செய்தார்கள். நீளத்தைக் குறைக்க மனம் வராமல் இயந்திரத்தைக் கூட்டினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காற்றில் நிற்கிற சஸ்பென்ஷன் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் உள்ளே இருப்பது ரப்பர் பை. வயதானால் வெடிப்பு விடும், மாற்றுகிற செலவில் ஒரு நல்ல பைக் வாங்கலாம். இதெல்லாம் பணம் இருப்பவர்கள் பாடு.

டயர் மட்டும் அப்படி இல்லை. உயரம் குறைந்த பக்கச்சுவர் உள்ள டயர் பார்க்க அழகு. பள்ளத்தில் இறங்கினால் ரிம்மும் சாலையும் சேர்ந்து அதை நசுக்கி, பக்கவாட்டில் கட்டி கட்டியாகப் புடைத்துக்கொள்ளும். பல சொகுசுக் கார்களில் ஸ்டெப்னியும் கிடையாது. சக்கரக் காற்றைக் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டாம் என்று 2020-இல் நம் விதியும் இடம் கொடுத்துவிட்டது. பக்கச்சுவர் கிழிந்த டயரைப் பஞ்சர் கிட் சரிசெய்யாது. கோடீஸ்வரருக்கு இன்னொரு கார் வந்து நிற்கும். ராத்திரி 11 மணிக்கு உளுந்தூர்பேட்டை தாண்டிக் குடும்பத்தோடு நிற்கிறவனுக்கு யார் வருவார்கள்? பெரிய ரிம், சன்னமான டயர், ஸ்டெப்னி இல்லாத டிக்கி என்று அந்த மூன்றையும் சேர்த்து சின்னக் காருக்குக் கொண்டுவராதீர்கள்.

இப்போது அந்த ஸ்கிரீன். மருமகனே, நீ இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளாதே. நான் ஓட்டும் எஸ் கிளாஸில் 12.3 அங்குலத் திரைகள் இரண்டு இருக்கின்றன. விரலால் தொட்டுப் பார், ஒன்றும் நடக்காது. அவை தொடுதிரைகளே இல்லை. நடுவில் கை தானாகப் போய் விழும் இடத்தில் ஓர் உருளை இருக்கிறது, அதைத் திருப்பி அழுத்தினால் போதும். ஏசிக்கு நிஜமான பட்டன் வரிசை. எனக்கு மிகவும் பிடித்தது கதவில் இருக்கும் சீட் சுவிட்ச். சின்ன நாற்காலி மாதிரியே செய்திருப்பார்கள். முதுகு சாய வேண்டுமா, அந்தக் குட்டி நாற்காலியின் முதுகைத் தள்ளு. முன்னால் நகர வேண்டுமா, அதன் அடியைத் தள்ளு. எழுத்துப் படிக்கத் தெரியாதவரும் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.

அடுத்த தலைமுறையில் 12.8 அங்குலத் தொடுதிரை வந்தது. 27 சுவிட்சுகளைக் குறைத்ததை அவர்கள் ஒரு பெருமையாகவே அறிவித்தார்கள். கதவில் அந்த நாற்காலி இன்னும் இருக்கிறது, ஆனால் அசையாது. தொட்டால் உணர்ந்துகொள்ளுமாம். நகரும் பொருளை நகராததாக்கியதில் டிரைவருக்கு என்ன லாபம் என்று எனக்கு விளங்கவில்லை. எஸ் கிளாஸ் வரலாற்றில் பின்னோக்கி வைத்த அடி இது என்றே நினைக்கிறேன். நம் ஊரில் எல்லோரும் முதலில் பார்த்து எடுப்பதும் இதைத்தான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். வேறொரு குடும்பத்தின் காரை, எந்தக் கார் என்பது வேண்டாம், ஒரு நாள் ஓட்டப் போனேன். நவம்பர் மழை. ஓ.எம்.ஆரில் திடீரென்று முன்கண்ணாடி முழுக்க உள்பக்கம் ஆவி படிந்து மூடிக்கொண்டது. காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பும் பட்டனைக் கை தேடுகிறது, பட்டன் இல்லை. திரையில் ஏசி படத்தைத் தொட்டு, அது விரிந்து, அதில் இன்னொரு படத்தைத் தேடி... மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்குக் கார் 16 மீட்டருக்கு மேல் போகிறது. நான் எத்தனை நொடி சாலையைப் பார்க்கவில்லை என்று எனக்கே தெரியாது. ஓரமாக நிறுத்தி மூச்சு விட்டபோது கை நடுங்கியது.

இது கிழவன் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். 2022-இல் ஸ்வீடனின் 'வி பிலேகாரே' பத்திரிகை பல கார்களை 110 கி.மீ. வேகத்தில் ஓட்டி, ரேடியோ மாற்றுவது, ஏசியைக் கூட்டுவது மாதிரியான நான்கு சின்ன வேலைகளைச் செய்யச் சொன்னது. பட்டன்கள் உள்ள 2005-ஆம் வருடத்து வோல்வோ காரில் எல்லாம் பத்தே நொடியில் முடிந்தது, கார் போன தூரம் 306 மீட்டர். திரையை நம்பிய கார்களில் மோசமானதற்கு ஏறக்குறைய 45 நொடி ஆனது. அதற்குள் அது 1,372 மீட்டர் போய்விட்டது. 2026 முதல், ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பும் ஹார்ன், இண்டிகேட்டர், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் இயக்கும் சுவிட்ச் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்கிறது. திரையை முதலில் கொண்டாடிய ஊரே திரும்பி வந்துகொண்டிருக்கும்போது நாம் இப்போதுதான் கிளம்புகிறோம்.

திரை இருக்கட்டும். பாட்டுக்கும் வரைபடத்துக்கும் பின்பக்கக் கேமராவுக்கும் அது நல்லதுதான். வைப்பர், விளக்கு, கண்ணாடி ஆவி, ஏசி, இந்த நான்கை மட்டும் என் விரலுக்கு விட்டுவிடுங்கள். பட்டனுக்குச் செலவு அதிகம், திரையில் எல்லாவற்றையும் போட்டால் மிச்சம் என்று உங்கள் மேலாளர்கள் சொல்வார்கள். ஷோரூமில் வாங்க வருகிறவரும் திரையைத்தான் முதலில் தொட்டுப் பார்க்கிறார், பின்சீட்டு பெல்ட்டை யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை. அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. அதனால்தான் இதைக் கம்பெனி முதலாளிகளுக்கு எழுதாமல், வரைகிற கைகளுக்கு எழுதுகிறேன்.

ஒரு காரின் டேஷ்போர்டு முடிவாகும் முன், களிமண்ணிலோ அட்டையிலோ மாதிரி செய்து வைத்திருப்பீர்கள் அல்லவா, அப்போது 20 வருடம் ஓட்டிய டிரைவர்கள் நாலு பேரைக் கூப்பிடுங்கள். கண்ணைக் கட்டி உட்கார வைத்து, வைப்பரைப் போடு, ஆவியை விலக்கு என்று சொல்லிப் பாருங்கள். அப்படியே ஓர் எழுபது வயது அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டை யார் உதவியும் இல்லாமல் போடச் சொல்லிப் பாருங்கள். கூப்பிட்டால் நான் வருகிறேன், என் அம்மாவையும் அழைத்துவருகிறேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. காசு வேண்டாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவனின் மாமா