தர்பூசணி வாடல்: தண்ணீர் மட்டும் மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

தர்பூசணிக் கொடி மதியம் துவண்டால் தண்ணீர்க் குறை என்று மேலும் மேலும் பாய்ச்சுகிறார்கள். ஒரே செடியில் ஒரு கொடி மட்டும் வாடினால், தூரை ஒட்டிய தண்டை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் ஃபியூசேரியம் என்ற மண் பூஞ்சாணத்தால் வரும் வாடல் நோய்தான். வாடிய செடியை எந்த மருந்தும் மீட்காது. வேரோடு பிடுங்கி எரியுங்கள். வரப்பில் வீசுவது வீண் வேலை. பூஞ்சாணம் மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும், ஓராண்டு மாற்றுப்பயிர் எம்மாத்திரம்?

விதைப்புக்கு முன் எக்டேருக்கு 2.5 கிலோ டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தை 50 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து இடலாம். நம்பகமான வழி, சுரை வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்று, விலை கூடுதல்தான். ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். புதைந்தால் தர்பூசணித் தண்டே வேர்விட்டு நோயை வாங்கிக்கொள்ளும்.

– தர்பூசணி விவசாயிகள், மரக்காணம்