நீல மாத்திரை பதினொன்று

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை எடுத்து, "தூங்கிட்டிருந்தேன்மா" என்று வைத்துவிட்டாய். அப்போது சாயங்காலம் நாலரை மணி. அதனால்தான் எழுதுகிறேன்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4 என்றாய். பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதே, டீ அந்தச் சத்தை உடம்பில் ஏறவிடாது. எலுமிச்சைச் சாறு குடி. மாத்திரையால் மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதே.

நேற்று உன் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். பள்ளியில் வாரா வாரம் கொடுத்த நீல இரும்புச்சத்து மாத்திரை பதினொன்று, காகிதத்தில் சுற்றிக் கிடந்தன. வயிற்றைப் புரட்டுகிறது என்று அப்போதே சொல்லியிருக்கலாமே? காதுகொடுத்துக் கேட்கிற மாதிரி நான் இருந்தேனா, அதுவும் சரிதான்.

அந்த உடம்போடுதான் பிளஸ் டூவில் 561 வாங்கினாய். அப்பா இன்னும் மில்லில் எல்லாரிடமும் சொல்கிறார். நானோ விடியற்காலை நாலு மணிக்கு எழுப்புவேன். எழவில்லையென்றால் ஃபேனை நிறுத்திவிட்டு "சோம்பேறி" என்பேன். இந்த வயதில் இரவில் தூக்கம் வருகிற நேரமே தள்ளிப்போகுமாம், 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டுமாம். போன வாரம் டாக்டரம்மா சொன்னார். உனக்குத் தைராய்டும் பார்க்கச் சொன்னார், மறக்காமல் பார். அப்புறம், "இந்த வயசுல மனச்சோர்வு அழுகையாத்தான் வரும்னு இல்ல, அசதியாவும் எரிச்சலாவும் வரும். வீட்ல ஏதாச்சும் கவனிச்சீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

பொய், கண்ணு. பிளஸ் டூ படிக்கும்போது டிசம்பர் மாதம் உன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். "நாளைக்கு எழுந்திருக்கவே கூடாது" என்று பென்சிலில் எழுதி, பாதி அழித்திருந்தாய். நோட்டை மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன். பரீட்சை முடியட்டும் என்று இருந்தேன். பரீட்சை முடிந்தது, மார்க் வந்தது, காலேஜிலும் சேர்ந்தாய். நான் கேட்கவே இல்லை. கேட்டால் நீ ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயம்.

இப்போது கேட்கிறேன். அந்த நினைப்பு இன்னும் வருகிறதா?

வந்தால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு. திட்ட மாட்டேன். என்னிடம் பேச முடியாவிட்டால் 14416-க்குக் கூப்பிடு. அரசாங்கத்தின் டெலிமானஸ், மனசு சரியில்லாதவர்களுக்கான உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள், நடுராத்திரியிலும் எடுப்பார்கள். படிப்பை ஒரு வருஷம் நிறுத்தி வைத்தாலும் பரவாயில்லை. அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். மாத்திரையை மட்டும் டீயோடு போடாதே.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறேன். வார்டனிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலையில் நான் வரும்போது நீ தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப மாட்டேன். வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன்.

அம்மா